ஒரு டெராபைட் வட்டு, ஒரு நாள் பதிவு: சாத்தான்குளம் சொல்வது என்ன?

2020 ஜூன் 28. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தாமாக முன்வந்து எடுத்த வழக்கில், அதன் உத்தரவின்படி கோவில்பட்டி நீதித்துறை நடுவர் சாத்தான்குளம் காவல் நிலையத்துக்கு விசாரிக்கப் போனார். நிலையத்தில் கேமராக்கள் இருந்தன, பதிவுப் பெட்டியும் இருந்தது. அதிலிருந்த ஹார்டு டிஸ்கின் கொள்ளளவு ஒரு டெராபைட். இடத்துக்குக் குறைவில்லை. ஆனாலும் பதிவுகள் அன்றன்றே தானாக அழிந்துபோகும்படி செட்டிங் வைக்கப்பட்டிருந்தது என்றும், பின்னர் இறந்துபோன ஜெயராஜ், பென்னிக்ஸ் என்ற தந்தையும் மகனும் அங்கே பிடித்து வைக்கப்பட்டிருந்த ஜூன் 19 இரவின் காட்சிகள் கிடைக்கவில்லை என்றும் அவர் உயர் நீதிமன்றத்துக்கு எழுதினார்.

அந்த அறிக்கையில் பரபரப்பான பகுதிகள் வேறு உண்டு. நடுவரிடமே ஒரு காவலர் ஒருமையில் பேசியது, லத்திகளைக் கொடுக்கச் சொன்னபோது காவலர்கள் தயங்கி நின்றது, மேசையிலும் லத்தியிலும் ரத்தக் கறை இருந்ததாகவும் அதை அழித்துவிடுவார்கள் என்றும் ஒரு பெண் தலைமைக் காவலர் துணிந்து சொன்னது எல்லாம் செய்தித்தாள்களில் பல நாள் ஓடின. ஹார்டு டிஸ்க் பற்றிய வரி அவற்றுக்கிடையே அமுங்கிப்போனது. காவல் விசாரணையைப் பதிவு செய்ய வேண்டும் என்று சட்டம் கேட்கும் எந்த நாட்டிலும் முதலில் படிக்க வேண்டிய வரி அதுதான். கேமரா மாட்டியாயிற்று, மின்சாரம் இருக்கிறது, வட்டில் இடம் இருக்கிறது. பதிவு மட்டும் இல்லை.

நடந்தவற்றின் வரிசை

ஜூன் 19 மாலை. ஊரடங்குக் காலத்தில் அனுமதித்த நேரத்துக்கு மேல் கடையைத் திறந்து வைத்திருந்ததாகச் சொல்லி ஜெயராஜைக் காவல் நிலையத்துக்கு அழைத்துப் போனார்கள். செல்போன் கடை நடத்திய மகன் பென்னிக்ஸ் பின்னாலேயே போனார். அன்று மாலை தொடங்கி இரவிலும் பல சுற்றுகளாக இருவரையும் அடித்துச் சித்திரவதை செய்தார்கள் என்பது பின்னர் சி.பி.ஐ. வைத்த குற்றச்சாட்டு. மறுநாள் 20ஆம் தேதி அரசு மருத்துவமனையில் சான்று வாங்கி, நடுவரிடம் ரிமாண்ட் பெற்று, கோவில்பட்டி கிளைச் சிறையில் அடைத்தார்கள். 22 இரவு பென்னிக்ஸ் இறந்தார். 23 அதிகாலை ஜெயராஜ் இறந்தார்.

நடுவர் ஆய்வுக்கு வந்தது 28ஆம் தேதி. 29ஆம் தேதி, தடயங்களைக் காப்பாற்றுவதற்காகக் காவல் நிலையத்தை வருவாய்த் துறையின் பொறுப்பில் வைக்கும்படி உயர் நீதிமன்றம் சொன்னது. ஒரு காவல் நிலையத்தைத் தாசில்தார் காவல் காப்பது இந்த நாட்டில் அரிதினும் அரிது. ஜூலையில் வழக்கு சி.பி.ஐ.யிடம் போனது. செப்டம்பரில் ஒன்பது காவலர்கள் மீது குற்றப்பத்திரிகை தாக்கலானது. பத்தாவதாகச் சேர்க்கப்பட்ட சிறப்பு உதவி ஆய்வாளர் அதற்குள் கொரோனாவில் இறந்திருந்தார்.

சம்பவ இரவுக்கும் ஆய்வுக்கும் இடையே ஒன்பது நாள் இடைவெளி. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொண்டு பதிவுப் பெட்டிக்குள் போவோம்.

பெட்டிக்குள் என்ன நடக்கிறது

காவல் நிலையங்களிலும் கடைகளிலும் இருக்கும், கேமராக் காட்சியைப் பதியும் டி.வி.ஆர். பெட்டியில் பதிவு எவ்வளவு காலம் நிற்கும் என்பதைத் தீர்மானிக்கும் செட்டிங்குகள் இரண்டு. முதலாவது, வட்டு நிரம்பியதும் பழையதன் மேல் புதியதை எழுதுவது. பெட்டி வாங்கும்போதே பெரும்பாலும் இப்படித்தான் வரும், இதில் தவறேதும் இல்லை. இரண்டாவது, காலாவதி நாள். இத்தனை நாளைக்கு மேற்பட்டது தேவையில்லை என்று எண்ணைக் கொடுத்துவிட்டால், வட்டு காலியாகவே கிடந்தாலும் அந்த நாளைத் தாண்டிய பதிவு பட்டியலிலிருந்து போய்விடும். இந்த எண்ணை யாராவது மெனுவுக்குள் போய், பாஸ்வேர்டு கொடுத்து மாற்ற வேண்டும். மின்வெட்டினாலோ எலி கடித்ததாலோ அது 1 ஆகாது.

ஒரு டெராபைட்டில் எத்தனை நாள் நிற்கும்? இரண்டு மெகாபிக்சல் கேமரா ஒன்று, நொடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் எழுதினால் ஒரு நாளைக்கு 21.6 கிகாபைட் ஆகும். நிலையத்தில் நான்கு கேமரா என்று வைத்துக்கொண்டால் நாளொன்றுக்கு 86 கிகாபைட். அப்படியானால் ஒரு டெராபைட் 11 நாளைத் தாங்கும். காட்சியை இன்னும் சுருக்கி எழுதும் புதிய முறையில் 1 மெகாபிட்டாகக் குறைத்தால் 23 நாள். அதாவது செட்டிங்கைத் தொடாமல் விட்டிருந்தால், இந்தக் கணக்கின்படி, ஒன்பது நாள் கழித்து நடுவர் வந்தபோதும் 19ஆம் தேதி இரவு வட்டில் இருந்திருக்கும்.

அழிந்த பதிவை மீட்க முடியாதா என்ற கேள்வி வரும். காலாவதியால் போன பதிவு முதலில் பட்டியலிலிருந்துதான் நீங்கும். காட்சித் தரவு வட்டிலேயே கிடக்கும். அதன் மேல் புதிய காட்சி எழுதப்படும்வரை தடயவியல் மென்பொருளால் துண்டு துண்டாக எடுக்க வழியுண்டு. எழுதப்பட்ட பிறகு வழியில்லை. ஆகவே பெட்டி ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மீட்பு வாய்ப்பு குறைகிறது. ஒரு சம்பவம் நடந்தது தெரிந்ததும் பதிவை நிறுத்தி, வட்டைக் கழற்றி, முத்திரையிட்டு, வேறு வட்டு மாட்டுவதுதான் சரியான முறை. சம்பந்தப்பட்ட நிலையமே அதைச் செய்துகொள்ளும் என்று எதிர்பார்ப்பதில் அர்த்தம் இல்லை.

கடைக் கேமரா

இந்த வழக்கில் பதிவே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. தந்தையும் மகனும் தரையில் உட்கார்ந்து திட்டினார்கள், தரையில் உருண்டதில் காயம் ஏற்பட்டது என்று எஃப்.ஐ.ஆர். சொன்னது. பக்கத்துக் கடையின் கேமராக் காட்சி வெளியே வந்தபோது அதில் உருளலும் இல்லை, கூட்டமும் இல்லை. திருட்டுக்குப் பயந்து ஒரு வியாபாரி மாட்டிய கேமரா, அரசுப் பணத்தில் மாட்டிய கேமராவைவிட அதிகம் சாட்சி சொன்னது. அந்தக் கடைக்காரருக்குச் செட்டிங்கை மாற்ற வேண்டிய காரணம் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். பதிவு யார் கையில் இருக்கிறது என்பது கேமராவின் தரத்தைவிட முக்கியமானது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வழக்கு கிடைக்காது.

2020 ஜூனில் சட்டம் என்ன கேட்டது

உண்மையைச் சொன்னால், மிகக் குறைவாகவே கேட்டது. டி.கே. பாசு வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கைதுக் குறிப்பு, உறவினருக்குத் தகவல், மருத்துவப் பரிசோதனை என்று 11 கட்டளைகளைக் கொடுத்தது. அதில் கேமரா இல்லை. அதே வழக்கின் 2015 உத்தரவு, சிறைகளில் ஓராண்டுக்குள், அதிகம் போனால் இரண்டாண்டுக்குள், கேமரா வைக்கச் சொன்னது. காவல் நிலையங்களைப் பொறுத்தவரை படிப்படியாக வைப்பதைப் பரிசீலியுங்கள் என்பதோடு நிறுத்திக்கொண்டது. 2018இல் ஷாஃபி முகமது வழக்கில் ஒரு படி முன்னேறி, எல்லாக் காவல் நிலையங்களிலும் சிறைகளிலும் கேமரா, அதைப் பார்க்க மேற்பார்வை அமைப்பு என்று சொன்னது.

எழுதிய சட்டத்தைப் பார்த்தால், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 161(3) பிரிவில் 2009 கடைசியில் நடைமுறைக்கு வந்த ஒரு காப்புரை (பிரிவோடு சேர்க்கும் துணை விதி) இருந்தது. காவல் விசாரணையில் சொல்லப்படுவதை ஒலி, ஒளி வடிவிலும் ‘பதிவு செய்யலாம்’ என்றது அது. நந்தினி சத்பதி வழக்கு (1978) தெளிவாக்கியபடி 161 என்பது சாட்சிகளுக்கு மட்டுமல்ல, குற்றம் சாட்டப்பட்டவருக்கும் பொருந்தும். ஆகவே சந்தேக நபரின் விசாரணையைப் பதிவு செய்யச் சட்டத்தில் இடம் இருந்தது, கட்டாயம் இல்லை. பதிவை எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும் என்று எங்கும் ஓர் எண் இல்லை. ஒரு நாள் செட்டிங்கை, எந்த விதியின் எந்த உட்பிரிவை மீறியது என்று விரல் வைத்துக் காட்ட முடியாத நிலை.

டிசம்பர் 2: பதினெட்டு மாதம்

2020 டிசம்பர் 2ஆம் தேதி, சாத்தான்குளத்துக்கு நேரடித் தொடர்பில்லாத பரம்வீர் சிங் சைனி வழக்கில், நீதிபதி ரோஹின்டன் நாரிமன் தலைமையிலான மூவர் அமர்வு அந்த எண்ணைக் கொடுத்தது. பதிவு 18 மாதம் இருக்க வேண்டும். சந்தையில் அவ்வளவு கொள்ளும் கருவி கிடைக்காவிட்டால் கிடைப்பதில் மிகப் பெரியதை வாங்க வேண்டும். எப்படியும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது. காட்சியோடு ஒலியும் வேண்டும், இரவிலும் தெரிய வேண்டும். மின்சாரமோ இணையமோ இல்லாத ஊர் என்று சாக்குச் சொல்ல முடியாதபடி சூரிய மின்சாரம், காற்று மின்சாரம் வரை தீர்ப்பில் எழுதிவைத்தார்கள்.

எங்கெங்கே கேமரா என்ற பட்டியல் விரிவானது. உள்ளே வரும், வெளியே போகும் வழிகள் அனைத்தும், முதன்மை வாயில், எல்லா லாக்கப்புகளும், லாக்கப்புக்கு வெளியிலுள்ள பகுதி, தாழ்வாரங்கள், வரவேற்பு, வராந்தா, புறக்கட்டடங்கள், இன்ஸ்பெக்டர் அறை, எஸ்.ஐ. அறை, டியூட்டி ஆபீசர் அறை, ஸ்டேஷன் ஹால், வளாகத்தின் முன்புறம், பின்புறம், கழிவறைக்கு வெளியே.

அந்தக் கடைசி இடத்தைத் தமிழ்நாட்டு வாசகருக்கு விளக்கத் தேவையில்லை. ‘கழிவறையில் வழுக்கி விழுந்ததில் கை முறிந்தது’ என்ற செய்தியையும் அதோடு வரும் மாவுக்கட்டுப் படத்தையும் எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம். கழிவறைக்குள் கேமரா வைக்கக் கூடாது, வைக்கவும் வேண்டாம். கதவுக்கு வெளியே இருக்கும் கேமரா மூன்று விஷயத்தைச் சொல்லும்: எத்தனை மணிக்குப் போனார், கூட யார் போனார்கள், எத்தனை மணிக்கு எப்படி நடந்து வெளியே வந்தார். வழுக்கிய கதையைச் சோதிக்க இது போதும்.

பதிவும் கருவிப் பராமரிப்பும் நிலையப் பொறுப்பு அதிகாரியின் கடமை. கருவி பழுதானால் மாவட்டக் குழுவுக்கு அவர் உடனே தெரிவிக்க வேண்டும். மாவட்டக் குழுவில் ஆட்சியரும் எஸ்.பி.யும் உண்டு, மாநிலக் குழுவில் உள்துறைச் செயலர், நிதித்துறைச் செயலர், டி.ஜி.பி., மகளிர் ஆணையத் தலைவர் அல்லது உறுப்பினர். சி.பி.ஐ., என்.ஐ.ஏ., அமலாக்கத் துறை, போதைப்பொருள் தடுப்புப் பிரிவு என்று விசாரித்துக் கைது செய்யும் அதிகாரமுள்ள மத்திய அமைப்புகளின் அலுவலகங்களுக்கும் இதே விதிகள். நிலைய வாசலில் கேமரா இருப்பதையும், மனித உரிமை மீறல் நடந்தால் எங்கே புகார் செய்யலாம் என்பதையும் ஆங்கிலம், இந்தி, வட்டார மொழியில் எழுதி வைக்க வேண்டும்.

இதன் விலை என்ன என்று வட்டுக் கணக்கில் பார்த்தால் தீர்ப்பு எங்கே இடறும் என்பது புரியும். பட்டியலின்படி ஒரு சிறிய நிலையத்துக்கே 14 கேமரா வரும். 1 மெகாபிட்டுக்கு ஒரு நாளைக்கு 151 கிகாபைட். 18 மாதத்துக்கு ஏறத்தாழ 83 டெராபைட். 2 மெகாபிட்டானால் 165. கடையில் வாங்கும் எட்டு கேமராப் பெட்டி இதைத் தாங்காது. பல வட்டுகள் கொண்ட சேமிப்பகம் வேண்டும், ஒரு வட்டு செத்தாலும் தரவு போகாத அமைப்பு வேண்டும், ஏ.சி. வேண்டும், யு.பி.எஸ். வேண்டும். நிதித்துறைச் செயலரை மாநிலக் குழுவில் போட்டது இதற்காகத்தான். டெண்டரில் கேமரா எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டிவிட்டு வட்டின் அளவில் கைவைத்தால், பட்டியல் நிறைவேறியதாகத் தெரியும், 18 மாதம் மட்டும் 20 நாளாகச் சுருங்கியிருக்கும். படத்தின் தரத்தை அடிமட்டத்துக்கு இறக்கியும் இதே வேலையைச் செய்யலாம். அப்போது உருவம் தெரியும், முகம் தெரியாது.

2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் மறுபடி தாமாக முன்வந்து இதே பொருளில் வழக்கெடுத்தது. ராஜஸ்தானில் சில மாதங்களுக்குள் 11 பேர் காவலில் இறந்ததாக ஒரு நாளிதழில் வந்த செய்திதான் அதற்குக் காரணம். ஐந்து ஆண்டு பழைய தீர்ப்பு எந்த அளவு நடைமுறைக்கு வந்திருக்கிறது என்பதற்கு அதுவே பதில்.

பிற நாட்டுச் சட்டம் இங்கே ஏன் கடிக்காது

விசாரணைப் பதிவைக் கட்டாயமாக்கிய நாடுகள் காவல்துறையை எதைக் காட்டிப் பணிய வைத்தன? 1985இல் அலாஸ்கா உச்ச நீதிமன்றம் ஸ்டீபன் வழக்கில் சொன்னது எளிமையானது. காவல் நிலையத்தில் காவலில் வைத்து விசாரிக்கும்போது தகுந்த காரணமின்றிப் பதிவு செய்யத் தவறினால், அப்படிப் பெற்ற வாக்குமூலம் பொதுவாகச் சாட்சியமாகாது. அந்த வழக்கில் அறையில் வேலை செய்யும் கருவி இருந்தது; அதிகாரிகள் விசாரணையின் ஒரு பகுதியை மட்டும் பதிந்தார்கள்; மீதியை ஏன் பதியவில்லை என்பதற்கு ஒழுங்கான விளக்கம் இல்லை. 2003இல் இல்லினாய் மாநிலம் கொலை வழக்குகளுக்கு இதைச் சட்டமாகவே இயற்றியது. இங்கிலாந்தில் 1984 காவல்துறை, குற்றவியல் சாட்சியச் சட்டத்தின் கீழ் வந்த ஒலிப்பதிவு விதிகள், மூலப் பதிவைச் சந்தேக நபரின் முன்னிலையிலேயே முத்திரையிடச் சொல்லின.

மூன்றும் வேலை செய்வதற்கு ஒரே காரணம், அங்கே காவலர் வாங்கும் வாக்குமூலத்துக்கு நீதிமன்றத்தில் மதிப்பு இருக்கிறது. வழக்கின் பெரிய சொத்து அது. பதிவு செய்யாவிட்டால் அது போய்விடும் என்றால் காவலர் பொத்தானை அமுக்குவார்.

நம் நாட்டில் காவல் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் 1872 சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவிலேயே வெளியே போய்விட்டது. இப்போதைய பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தில் அது 23. ஏற்கெனவே செல்லாத ஒன்றை, பதிவு செய்யாவிட்டால் செல்லாது என்று மிரட்டி என்ன பயன்? இடையில் தடா, பொடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டங்களில் எஸ்.பி. நிலை அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலம் சாட்சியமாகும் என்று வைத்தார்கள். தடாவின் 15ஆம் பிரிவு, எழுத்திலோ ஒலிநாடா போன்ற கருவியிலோ பதியலாம் என்றது. எது வசதியோ அதைத் தேர்ந்தெடுக்க விட்டால் பேனாதான் வெல்லும்.

அப்படியானால் லாக்கப்பில் அடி எதற்காக விழுகிறது? ஒரு காரணம், பொருளை மீட்பது. பழைய சாட்சியச் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி, காவலில் இருப்பவர் சொன்ன தகவலால் ஏதேனும் கண்டுபிடிக்கப்பட்டால், அதோடு நேரடித் தொடர்புள்ள பகுதி மட்டும் ஏற்கப்படும். ஆங்கிலேயர் காலத்தின் உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் புலுகுரி கோட்டய்யா வழக்கில் வகுத்த எல்லை இன்றும் அதுவே. தமிழ்நாட்டில் நடைமுறை எல்லோருக்கும் தெரியும். கிராம நிர்வாக அலுவலரும் அவருடைய உதவியாளரும் சாட்சிகளாக நிற்க, சில பக்கங்களுக்கு வாக்குமூலம் எழுதப்படும். ‘என்னை அழைத்துச் சென்றால் மறைத்து வைத்த இடத்தைக் காட்டுகிறேன்’ என்ற வரி மட்டும் நீதிமன்றத்தில் சான்றாகக் குறியிடப்படும். பிறகு மகஜர் (சாட்சிகள் முன்னிலையில் எழுதும் குறிப்பு), கைப்பற்றல். கி.நி.அ. குறுக்கு விசாரணையில், தான் போனபோது எல்லாம் எழுதித் தயாராக இருந்தது என்று சொன்னால் வழக்கு ஆடும், சொல்லாவிட்டால் நிற்கும்.

இன்னொரு காரணம், எந்தத் தகவலும் தேவைப்படாத அடி. சாத்தான்குளத்தில் மீட்க வேண்டிய நகை இல்லை, கண்டுபிடிக்க வேண்டிய ஆயுதம் இல்லை. கடை அடைக்கும் நேரம்தான் பிரச்சினை. வாக்குமூலத்தைத் தள்ளுபடி செய்யும் எந்த விதியும் அந்த இரவைத் தடுத்திருக்காது. ஆகவே இங்கே பதிவுச் சட்டத்தின் தண்டனை வேறு இரண்டு இடங்களில் உட்கார வேண்டும் என்பது எங்கள் கருத்து. பதிவில்லாத காவலில் இருந்து வந்த 27ஆம் பிரிவு மீட்பு செல்லாது என்பது ஒன்று. பதிவில்லாத நேரத்தில் ஏற்பட்ட காயத்துக்கு நிலையப் பொறுப்பு அதிகாரியே விளக்கம் சொல்ல வேண்டும் என்பது மற்றொன்று.

இரண்டாவதை 1985லேயே சட்ட ஆணையம் தன் 113ஆவது அறிக்கையில் ஏறக்குறைய சொல்லிவிட்டது. காவலில் இருந்தபோது காயம் ஏற்பட்டது என்று காட்டினால், அதைக் காவலர் செய்ததாக நீதிமன்றம் அனுமானிக்கலாம் என்று 114பி என்ற புதிய பிரிவைப் பரிந்துரைத்தது. 2023இல் சாட்சியச் சட்டத்தை முழுவதும் மாற்றி எழுதியபோதும் அதற்கு இடம் கிடைக்கவில்லை.

புதிய சட்டத்தின் விநோதம்

2024 ஜூலை 1 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105ஆம் பிரிவு, சோதனையையும் கைப்பற்றலையும் ஒலி ஒளிப் பதிவு செய்வதைக் கட்டாயமாக்கியது. செல்போனில் எடுத்தாலும் போதும். தாமதமின்றி நடுவருக்கு அனுப்ப வேண்டும். நல்ல விதி. ஆனால் விசாரணையைப் பற்றிய 180ஆம் பிரிவு, பழைய 161போலவே ‘பதிவு செய்யலாம்’ என்பதில் நின்றுவிட்டது. விளைவு இது: புதரிலிருந்து அரிவாளை எடுக்கும் இரண்டு நிமிடம் வீடியோவில் வரும். எந்தப் புதர் என்று சொல்ல வைத்த எட்டு மணி நேரம் வராது. வீடியோவில் அவர் தெளிவாக நடந்து போய்க் கை நீட்டிக் காட்டுவதைப் பார்க்கும் நீதிபதிக்கு, முன்பு வெறும் மகஜரைப் படித்தபோது வந்த சந்தேகம்கூட இப்போது வராமல் போகலாம். பாதிப் பதிவு, பதிவே இல்லாததைவிட ஆபத்தானது என்று நாங்கள் சொல்வது இதனால்தான்.

நிலையத்துக்கு வெளியே: திருப்புவனம்

2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் திருப்புவனம் அருகே மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமார், பக்தர் ஒருவரின் நகை காணாமல் போன புகாரில் தனிப்படைக் காவலர்களிடம் சிக்கினார். 28ஆம் தேதி இறந்தார். உடலில் 40க்கும் மேற்பட்ட காயங்கள் என்று நீதிமன்றத்தில் தெரியவந்தது. விசாரித்த இடம் கேமரா வைத்த ஸ்டேஷன் ஹால் அல்ல. கோயிலை ஒட்டிய வெட்டவெளியும் கொட்டகையும். வெளியுலகுக்குத் தெரிந்த காட்சி, அருகிலிருந்த ஒருவர் மறைவிலிருந்து செல்போனில் எடுத்தது. வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது.

பரம்வீர் தீர்ப்பின் பட்டியல் முழுவதையும் திருப்புவனம் நிலையத்தில் நிறைவேற்றியிருந்தாலும் இந்த மரணத்தில் அது எதையும் பதிந்திருக்காது. பட்டியல் இடத்தைப் பிடித்துக்கொண்டு எழுதப்பட்டது. விசாரணை நகரக் கூடியது: லாட்ஜ், மண்டபம், ஜீப், தனிப்படையின் வாடகை அறை. கேமரா வந்த பிறகு அடி இடம் மாறும் என்பது எதிர்பார்க்க வேண்டியதே. எனவே கடமை கட்டடத்தில் ஒட்டியிருக்காமல் ஆளோடு போக வேண்டும். ஒருவர் தன் விருப்பப்படி எழுந்து போக முடியாத நிலைக்கு வந்த நொடியிலிருந்து, எங்கே இருந்தாலும், விசாரிப்பவர் பதிவு செய்ய வேண்டும். பதிவு வசதியில்லாத இடத்தில் கேள்வியே கேட்கக் கூடாது. சட்டத்தில் ‘கைது செய்யப்பட்டவர்’ என்ற சொல்லைப் போட்டால் இது வீணாகும். ‘சும்மா விசாரிக்கத்தான் கூட்டிவந்தோம்’ என்பது முதல் நாள் பதிலாக வரும். கைது மறுநாள் மாலைதான் காகிதத்தில் ஏறும்.

பதிவு இல்லாதபோது நீதிமன்றம் செய்யக்கூடியது

புதுச் சட்டம் வரும்வரை கையிலிருப்பது பாதகமான அனுமானம். தன்னிடமுள்ள சான்றைக் காட்டாதவருக்கு அது எதிராக இருந்திருக்கும் என்று கொள்ளலாம் என்பது பழைய சாட்சியச் சட்டத்தின் 114(ஜி), இப்போது சாக்ஷ்ய அதிநியத்தின் 119இன் கீழ் வரும் எடுத்துக்காட்டு. 2015இல் தொமாசோ புரூனோ வழக்கில் வாரணாசி விடுதியின் கேமராப் பதிவை அரசுத் தரப்பு காட்டாததை உச்ச நீதிமன்றம் இப்படித்தான் எடுத்துக்கொண்டு, கொலைக் குற்றம் சாட்டப்பட்ட இரண்டு இத்தாலியர்களை விடுவித்தது. மின்னணுச் சான்றிதழ் பற்றி அந்தத் தீர்ப்பு சொன்னதை 2020இல் அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கு ரத்து செய்துவிட்டது. மேற்கோள் காட்டும்போது அந்தப் பகுதியைத் தொடாமல் இருப்பது நல்லது.

முதல் இரண்டு நாளில் வழக்கறிஞர் செய்ய வேண்டியது

பதிவு அழிவது மணிக்கணக்கில் நடக்கிறது, மனு நகர்வது வாரக்கணக்கில். ஆகவே கைது தெரிந்த அன்றே, அடி பற்றிப் புகார் இருக்கிறதோ இல்லையோ, பதிவைப் பாதுகாக்கக் கோரி எழுத வேண்டும். நிலையப் பொறுப்பு அதிகாரி, எஸ்.பி., ஆட்சியர் மூவருக்கும் மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும். பின்னவர் இருவரும் மாவட்டக் குழு உறுப்பினர்கள் என்பதைக் கடிதத்திலேயே சுட்டலாம். ‘எல்லாப் பதிவும்’ என்று பொதுவாகக் கேட்டால் பதிலும் பொதுவாகவே வரும். எந்தத் தேதி, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, வாயில், ஹால், எஸ்.ஐ. அறை, லாக்கப் வெளிப்பகுதி, கழிவறை வெளிப்பகுதி என்று இடம் இடமாக எழுத வேண்டும். பெட்டியின் செட்டிங் பக்கத்தையும், பெட்டி தானாக எழுதிவைக்கும் நிகழ்வுக் குறிப்பையும் தனியாகக் கேட்க வேண்டும். காலாவதி நாள் எப்போது, யாருடைய கணக்கிலிருந்து மாற்றப்பட்டது என்பதை அந்தக் குறிப்பு காட்டக்கூடும். காட்சி போனாலும் அது தங்கியிருக்க வாய்ப்புண்டு.

முதல் ரிமாண்டின்போதே நடுவரிடம் அதே கோரிக்கையை வாய்மொழியாகச் சொல்லி, உத்தரவில் பதியச் செய்ய வேண்டும். காயம் இருந்தால் எங்கே, எத்தனை என்பதும் அந்தத் தாளிலேயே ஏற வேண்டும். சிறைச் சேர்க்கைப் பதிவேட்டில் எழுதும் காயக் குறிப்பு, மருத்துவமனைச் சான்று, ரிமாண்ட் உத்தரவு மூன்றும் ஒத்துப்போகவில்லையானால், இடையில் இருந்த மணி நேரங்களுக்குத்தான் கேமரா வேண்டும்.

சுற்றுக் கேமராக்களை யாரும் நமக்காகச் சேகரிக்க மாட்டார்கள். நிலையத்துக்கு எதிரே உள்ள கடை, ஏ.டி.எம்., பெட்ரோல் பங்க், சுங்கச்சாவடி, அரசு மருத்துவமனை வராந்தா. வங்கிக்கும் சுங்கச்சாவடிக்கும் எழுத்துக் கோரிக்கை; கடைக்காரரிடம் நேரில் போய் அன்றே நகல். மானிட்டரில் ஓடவிட்டு அதைச் செல்போனில் படமெடுத்து வருவது எல்லோரும் செய்வது. பார்ப்பதற்கு உதவும், நிரூபிக்க உதவாது. பெட்டியிலிருந்து அதன் சொந்த வடிவிலேயே, அதை ஓட்டும் மென்பொருளோடு சேர்த்து எடுக்க வேண்டும்.

கடிகாரத்தை மறக்கக் கூடாது. இணையம் இல்லாத டி.வி.ஆர். மாதக்கணக்கில் நிமிடங்கள் பிசகும். உள்ளிருக்கும் சிறு பேட்டரி செத்திருந்தால் மின்வெட்டுக்குப் பின் தேதியே தாறுமாறாகும். நகலெடுக்கும்போது திரையில் ஓடும் நேரத்தையும் செல்போனில் உள்ள நேரத்தையும் ஒரே படத்தில் எடுத்து வைத்தால், வித்தியாசம் எத்தனை நிமிடம் என்று பின்னால் கணக்கிடலாம். இதைச் செய்யாததால், நிலையப் பொது நாட்குறிப்பில் 9.10 என்றும் காட்சியில் 9.37 என்றும் இருக்கும் ஒரு பதிவு, உண்மையாக இருந்தும் குறுக்கு விசாரணையில் கந்தலாகிவிடும்.

ஒலி தனிச் சிக்கல். கேமராவில் மைக் இருந்தாலும் பெட்டியில் அந்தச் சேனலுக்கு ஒலிப்பதிவை இயக்கியிருக்க வேண்டும். இயக்கியிருந்தாலும் மைக்குக்கு நேர்மேலே மின்விசிறி சுழன்றால் கேட்பது காற்று மட்டும். மிரட்டலும் வாக்குறுதியும் படத்தில் தெரியாதவை என்பதால், ஒலியில்லாத பதிவை முழுப் பதிவாக ஏற்கக் கூடாது என்று ஆட்சேபம் எழுத வேண்டும்.

கடைசியாகச் சான்றிதழ். சாக்ஷ்ய அதிநியத்தின் 63(4) கேட்கும் படிவத்தில் இரண்டு பகுதிகள் உண்டு. முதலாவதைக் கருவியின் பொறுப்பாளர் அல்லது சான்றைத் தாக்கல் செய்யும் தரப்பு நிரப்பும், இரண்டாவதை நிபுணர். கோப்பின் ஹாஷ் மதிப்பு (கோப்பில் சிறிது மாறினாலும் மாறிவிடும் அடையாளக் குறி), எந்த முறையில் கணக்கிட்டது என்பது இரண்டிலும் வர வேண்டும். நகலெடுத்த அதே மேசையிலேயே ஹாஷைக் கணக்கிட்டு, தாளில் எழுதி, கடைக்காரரின் கையெழுத்தும் தேதியும் வாங்கிவிட வேண்டும். வழக்கு விசாரணைக்கு வரும் ஆண்டுகளில் அந்தக் கடை கைமாறியிருக்கும், பெட்டி பழைய இரும்புக்குப் போயிருக்கும்.